பச்சை டிக்கும் பென்சில் கோடும்: நான் செய்துகொண்ட இரண்டு மரபணு சோதனைகள்

வீட்டுக்கே வரும் எச்சில் கிட் ஒன்று, பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்துப் போன மருத்துவ மரபணு சேவை ஒன்று. இரண்டையும் நானும் தம்பியும் பயன்படுத்தினோம். இரண்டைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை, இந்த வகைக் கிட்டை வாங்கும் யாருக்கும் அது நேரலாம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அப்பா 44 வயதில் இறந்தார். அதிகாலையில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது 12, தம்பிக்கு 8. தாத்தா 47-ல், பெரியப்பா 51-ல். "நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு ஐம்பதுதான் எல்லை" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். டென்ஷன், தூக்கமின்மை, சிகரெட் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

எனக்கு 38 வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், 241 இருந்தது. தம்பிக்கு 262. அவன் ஒரு வருடமாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். தொடை வலிக்கிறது, மாடி ஏற முடியவில்லை என்று புலம்பிக்கொண்டே எடுத்தான். அந்த நேரத்தில்தான் "உங்கள் இதயத்தின் ரகசியத்தை உங்கள் மரபணுவிலேயே படியுங்கள்" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. இரண்டு கிட் வாங்கினேன்.

பெட்டி கச்சிதமாக இருந்தது. குழாய், புனல், மூடி, திருப்பி அனுப்ப ஓர் உறை. எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது. குழாயில் போட்டிருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. நுரை இல்லாமல் 2 மில்லி சேர்க்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தேய்த்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் ஊறும். மூடியை அழுத்தித் திருகியதும் அதற்குள் இருந்த திரவம் இறங்கி எச்சிலோடு கலந்தது. டிஎன்ஏ கெடாமல் வழியைத் தாங்குவதற்குத்தான் அது. எச்சிலில் டிஎன்ஏ எங்கிருந்து வரும் என்று தம்பி கேட்டான். கன்னத்து உள்தோலிலிருந்து உதிர்ந்த செல்களும் வெள்ளணுக்களும் எச்சிலில் மிதந்துகொண்டேதான் இருக்கின்றன. பயன்படுத்தும் எளிமைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஐந்து வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. 74 பக்கம், எல்லாம் வண்ண வண்ணமாக.

அதில் சரியாக இருந்ததைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. என் காது மெழுகு ஈர வகை என்று எழுதியிருந்தது, உண்மை. ஏபிசிசி11 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்துதான் இதைத் தீர்மானிக்கிறது என்று 2006-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு எல்லா மரபணுவும் இரண்டு பிரதி. அந்த எழுத்து இரண்டு பிரதியிலும் மாறியிருந்தால் மெழுகு உலர்ந்து உதிரும், வியர்வை நாற்றமும் குறைவாக இருக்கும். அந்த மரபணு செய்கிற புரதம் சுரப்பிச் செல்லிலிருந்து சில பொருள்களை வெளியே தள்ளும் ஒரு பம்ப்; எழுத்து மாறினால் பம்ப் நின்றுவிடும். கசப்பு ருசியைப் பற்றிச் சொன்னதும் சரி. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு பொடி காற்றில் பறக்க, பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருப்பது நாக்கில் கசப்பை உணரும் டிஏஎஸ்2ஆர்38 என்ற ஏற்பி. கிட் என்னைக் கசப்பு தெரிகிற ஆள் என்றது. நான் அப்படித்தான்.

இப்படி ஏழெட்டு விஷயம் பொருந்தி வந்ததும் நம்பிக்கை வந்துவிட்டது. காது மெழுகைச் சரியாகச் சொன்ன மெஷின் இதயத்தையும் சரியாகத்தானே சொல்லும்?

இதயப் பக்கம் 22-வது பக்கம். பெரிய பச்சை வட்டம், நடுவில் வெள்ளை டிக். "உங்கள் இதய நோய் அபாயம்: சராசரி." எனக்கும் அதுதான், தம்பிக்கும் அதுதான்.

அன்று ராத்திரி அவன் போன் செய்தான். "அக்கா, ஜீன்லயே ஒண்ணும் இல்லையாம். அப்புறம் எதுக்கு நான் இந்த மாத்திரையோட மல்லுக்கட்டணும்?" டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்து என்று சொன்னேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாக மனதில் கிடந்த கல்லை அந்தப் பச்சை வட்டம் இறக்கி வைத்திருந்தது, அதைத் திரும்பத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டான்.

மூன்று மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு பொது மருத்துவரிடம் போனேன். பழைய ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டியவர் 241-ல் நின்றார். அப்பாவின் வயதைக் கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை விரலால் பிடித்துப் பார்த்தார். "இது கொஞ்சம் தடிச்சிருக்கு பாருங்க" என்றார். எனக்கு அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்ற நினைப்பு. கொழுப்பு அங்கே படிந்து தடித்திருக்கிறது. "அப்பா போட்டோ இருக்கா?" என்று கேட்டார். போனில் இருந்தது. தம்பியின் பிறந்தநாளுக்கு எடுத்தது, அப்பாவுக்கு 40 வயது. அவர் அதைப் பெரிதாக்கிக் கண்ணைக் காட்டினார். கருவிழியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். அந்தப் போட்டோவை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், அந்த வளையம் ஒரு தடவையும் கண்ணில் படவில்லை. வயதானவர்களுக்கு அது சாதாரணம். 45-க்கு முன்பே தெரிந்தால் ரத்தத்தில் கொழுப்பு பிறவியிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் பச்சை டிக்கைக் காட்டினேன். அவர் குறை சொல்லவில்லை. "எந்த மரபணுவைப் படிச்சாங்கன்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். 61-வது பக்கம், அடிக்குறிப்பு, எறும்பு எழுத்து. "அரிதான ஒற்றை மரபணு நோய்கள் இந்தச் சோதனையில் பார்க்கப்படவில்லை."

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நம் டிஎன்ஏவில் சுமார் 320 கோடி எழுத்துகள் இருக்கின்றன. இந்த வகைக் கிட்டுகள் அதை முழுதாகப் படிப்பதில்லை. ஒரு சிப்பில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கின்றன. ஏறக்குறைய ஐயாயிரம் எழுத்துக்கு ஒரு எழுத்து. தேர்ந்தெடுத்த இடங்கள் பெரும்பாலும் மக்களிடையே பரவலாக மாறும் இடங்கள். காது மெழுகுக்கு அது போதும், மாறும் எழுத்து எதுவென்று எல்லோருக்கும் தெரியும், அந்த இடத்தைச் சிப்பில் சேர்த்துவிடலாம். எங்கள் குடும்பத்தில் இருப்பது வேறு வகை. பிறவிக் கொழுப்பு நோய் என்று சொல்லலாம். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் எல்டிஎல்ஆர் என்ற மரபணு பழுதாவதால் வருகிறது. அந்த மரபணுவில் இதுவரை 2000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு மாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழுது ஒவ்வோர் இடத்தில். அதைக் கண்டுபிடிக்க மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும்.

அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதைச் சொன்னது? ஒவ்வொன்றும் அபாயத்தைத் துளி கூட்டுகிற அல்லது குறைக்கிற பல எழுத்துகளைக் கூட்டிப் போட்ட மதிப்பெண் அது. இதய நோயோடு தொடர்புள்ளது என்று 2007-ல் கண்டுபிடித்த 9-வது குரோமோசோம் பகுதிகூட அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தக் கணக்கு தன்னளவில் பொய் இல்லை. ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய மதிப்பெண்ணுக்கு அடிப்படையான ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் சுமார் 79% பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019-ல் ஒரு கட்டுரை கணக்குக் காட்டியது. மற்றவர்களுக்கு அதே மதிப்பெண் அவ்வளவு துல்லியமாக இருக்காது. எங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று: பார்க்காத அறையின் கதவில் "உள்ளே எல்லாம் நலம்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பச்சை வட்டத்தை 22-ம் பக்கத்தில் இவ்வளவு பெரிதாகப் போட்டவர்கள் அந்த வரியையும் அதற்குக் கீழேயே போட்டிருக்க வேண்டும். நான் எழுதிக் கேட்டேன். "உடல்நலம் சார்ந்த முடிவுகளுக்கு மருத்துவரை அணுகவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. திரும்பவும் எழுதினேன், அதே வரியே திரும்ப வந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருத்துவ மரபணு சேவைக்குப் போனதும் முதலில் யாரும் ஊசியை எடுக்கவில்லை. மரபணு ஆலோசகர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர்கள் மேல் ஒரு சாய்கோடு. நோய் வந்தவர்களின் கட்டத்தை நிரப்பிக் கறுப்பாக்குவார். மூன்று தலைமுறை. தாத்தா, பெரியப்பா, அப்பா என்று நான் சொல்லச் சொல்ல அவர் வயதை எழுதினார், சாய்கோடு போட்டார், பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார். அத்தையைப் பற்றிக் கேட்டார். "அத்தைக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காங்க" என்றேன். "எப்பவாவது கொழுப்பு பார்த்தாங்களா?" பார்த்ததில்லை. வட்டத்துக்குள் கேள்விக்குறி போட்டார். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் என்றதும் அங்கேயும் இரண்டு கேள்விக்குறி. கடைசியில் என் வட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தபோது, அத்தை சொல்லும் அந்த "ஐம்பது எல்லை" சாபமாகத் தெரியவில்லை. ஒரு கோடு மேலிருந்து இறங்கிக் கிளை பிரிந்து வந்திருந்தது, அவ்வளவுதான். அழுதுவிட்டேன். அவர் காத்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரம்தான் இந்தச் சேவையின் உயிர். என்னென்ன மரபணுவைப் பார்க்கப் போகிறோம்: எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9, இன்னும் அரிதான ஒன்றிரண்டு. என்ன விடை வரலாம்: பழுது உண்டு, பழுது இல்லை, இல்லையென்றால் தெளிவில்லாத ஒன்று. எதுவும் வராவிட்டால்கூட என் 241 பொய்யாகிவிடாது, சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னார். காப்பீட்டு விண்ணப்பத்தில் இந்த விடையை எழுத வேண்டி வருமா என்பது நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும், அதையும் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். கிட் வாங்கும்போது இதில் ஒன்றைக்கூட யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கொழுப்பு எவ்வளவு என்று ரத்தமே சொல்லும்போது மரபணு சோதனை எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. 2016-ல் வந்த ஆய்வு ஒன்றில், எல்டிஎல் 130-க்குக் கீழே இருந்து பழுதும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், 190-க்கு மேல் இருந்து மரபணுப் பழுது இல்லாதவர்களுக்கு இதய நோய் அபாயம் 6 மடங்கு; அதே 190-க்கு மேல், பழுதும் உண்டு என்றால் 22 மடங்கு. காரணம், நாற்பது வயதில் ஏறிய கொழுப்பும் பிறந்த நாளிலிருந்தே ஏறியிருந்த கொழுப்பும் ரத்தக் குழாய்க்கு ஒன்றல்ல.

நான்கு வாரத்தில் விடை வந்தது. எல்டிஎல்ஆர் மரபணுவின் ஒரு பிரதியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. டிஜிஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து டிஜிஏ என்று இருந்தது. டிஜிஜி என்றால் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கோர்த்துவிட்டு மேலே போ என்று பொருள். டிஜிஏ என்றால் நிறுத்து. 860 அமினோ அமிலம் கோர்க்க வேண்டிய புரதம் பாதி வழியில் நின்றுவிடும். பெரும்பாலும் அந்த அரைகுறைக்கும் இடமில்லை, இப்படி நடுவில் நிற்கும் ஆணைத் தாளைச் செல்லே அடையாளம் கண்டு சிதைத்துவிடும். அந்தப் புரதம்தான் எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பி. ஆக, என் உடலில் அந்த ஏற்பி ஒரு பிரதியிலிருந்து மட்டும்தான் உருவாகிறது. ஏறக்குறைய பாதி.

அந்த ஏற்பி செய்கிற வேலையை ஆலோசகர் மேஜை மேல் கையை வைத்துக் காட்டினார். அவர் உள்ளங்கை கல்லீரல் செல்லின் மேற்பரப்பு. மடக்கிய விரல்கள் ஏற்பி. ரத்தத்தில் உருண்டு போகும் எல்டிஎல் துகளை விரல் கவ்வும், செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும், உள்ளே அமிலத்தன்மை கூடியதும் பிடியை விடும், வெறுங்கையோடு மேலே திரும்பும். ஒரு தடவை போய்வரப் பத்து நிமிடம். சுமார் இருபது மணி நேர ஆயுளில் நூறு தடவைக்கு மேல். இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்குப் பாதி விரல்கள்தான், அதனால் துகள்கள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன, சுற்றுகிறவை குழாய்ச் சுவரில் நுழைகின்றன. சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள், பெண்களில் சுமார் 30% பேருக்கு 60 வயதுக்குள் இதய நோய் வந்துவிடும். அத்தை கண்ணால் பார்த்துச் சொன்ன ஐம்பது அதுதான்.

மாத்திரை என்ன செய்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லீரல் செல் தனக்குத் தேவையான கொழுப்பைத் தானே தயாரிக்கும். ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்பை அடக்குகிறது. செல்லுக்குத் தட்டுப்பாடு வருகிறது, உடனே ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பிகளைக் கூடுதலாகச் செய்கிறது. எனக்கு நல்ல பிரதி ஒன்று இருக்கிறதே, அதை இன்னும் கொஞ்சம் வேலை வாங்குகிறோம். பிசிஎஸ்கே9 கதை இதைவிட அழகு. அந்தப் புரதம் ஏற்பியைப் பிடித்துக்கொண்டால் ஏற்பி மேலே திரும்பாது, உள்ளேயே அரைபட்டுப்போகும். அது அளவுக்கு மீறி வேலை செய்தால் பிறவிக் கொழுப்பு நோய் வரும் என்று 2003-ல் தெரிந்தது. 2006-ல் அதற்கு நேரெதிர். ஒரு பெரிய ஆய்வில், இந்த மரபணு ஒரு பிரதியில் செயலற்றுப்போன கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28% குறைவு, இதய நோய் 88% குறைவு. அந்தப் புரதத்தை மடக்கும் ஊசி மருந்துகள் 2015-ல் வந்துவிட்டன. ஒரு மரபணுவைப் புரிந்துகொண்டதிலிருந்து மருந்துக்கு வெறும் பன்னிரண்டு வருடம். மாத்திரையில் எண் இறங்காவிட்டால் எனக்கு அந்த வழியும் இருக்கிறது.

இந்தச் சேவையிலும் குறை இருந்தது. முதலாவது, தம்பியின் ரத்த மாதிரி இருந்த குழாயில் பிறந்த தேதியை மாற்றி ஒட்டிவிட்டார்கள். ஆய்வகம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்ப, அவன் இன்னொரு தடவை போய் ரத்தம் கொடுத்தான். இரண்டு வாரம் வீண். ஆய்வகம் பிடித்ததே நல்லது, பிடிக்காமல் போயிருந்தால் வேறொருவர் விடை அவனுக்கு வந்திருக்கும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த இரண்டு வாரம் சின்ன விஷயம் இல்லை. ஏன் நடந்தது என்று இன்றுவரை யாரும் விளக்கவில்லை.

இரண்டாவது, ரிப்போர்ட் ஆலோசகரைச் சந்திப்பதற்கு நான்கு நாள் முன்பே ஆன்லைனில் திறந்துகொண்டது. அதில் ஏபிஓபி மரபணுவில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்று ஒரு வரி. நான்கு ராத்திரி தூங்கவில்லை. நேரில் போனபோது அவர் சொன்னார்: மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். நோய் தரும், அநேகமாக நோய் தரும், தெரியாது, அநேகமாகத் தீங்கில்லை, தீங்கில்லை. நடுவில் இருப்பதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது, எந்த உறவினரையும் சோதிக்கச் சொல்லக்கூடாது, ஆய்வு கூடும்போது அது பெரும்பாலும் தீங்கில்லாத பக்கத்துக்கே நகரும். இந்த நான்கு வரியை ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருந்தால் எனக்கு அந்த நான்கு ராத்திரி மிஞ்சியிருக்கும்.

தம்பிக்கும் அதே எழுத்து, அதே இடம். அவனிடம் நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அந்த வலிய என்னக்கா பண்றது?" என்றான். நியாயமான கேள்வி. டாக்டர் அவனுடைய எச்சில் கிட் ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொன்னார். 48-வது பக்கம், நாங்கள் இருவருமே படிக்காத பக்கம், மருந்துகள் பற்றியது. எஸ்எல்சிஓ1பி1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து அவனுக்கு இரண்டு பிரதியிலும் மாறியிருந்தது. ரத்தத்திலிருந்து ஸ்டாட்டினைக் கல்லீரலுக்குள் ஏற்றிவிடும் வாசல் அந்தப் புரதம். வாசல் மெதுவானால் மருந்து ரத்தத்தில் தேங்கித் தசைக்குப் போகும். 2008-ல் ஒரு பெரிய மருந்துச் சோதனையில், சிம்வாஸ்டாட்டின் அதிக அளவில் எடுத்தவர்களின் தசைப் பாதிப்புக்கு இந்த எழுத்தே முக்கியக் காரணம் என்று கண்டார்கள். தம்பி எடுத்தது அதே சிம்வாஸ்டாட்டின்தான். மருத்துவ ஆய்வகத்தில் இன்னொரு தடவை சரிபார்த்தார்கள், கிட் சொன்னது சரியாகவே இருந்தது. மாத்திரையை ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றிக் குறைந்த அளவில் தொடங்கி, கூட எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்தார்கள். இப்போது மாடி ஏறுகிறான். எல்டிஎல் 104.

ஒரே ரிப்போர்ட்டின் 22-ம் பக்கம் அவன் மாத்திரையை நிறுத்த வைத்தது, 48-ம் பக்கம் அவன் மாத்திரையைத் தொடர வழி சொன்னது. அதனால்தான் கிட்டைக் குப்பை என்று எழுத மாட்டேன். பரவலாகத் தெரிந்த எழுத்துகளை அது நன்றாகப் படிக்கிறது. அரிதானதில்தான் ஆபத்து, பார்க்காமல் விடுவதிலும் சரி, தவறாகப் பார்ப்பதிலும் சரி. என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் கிட்டின் மூலத் தரவை வேறொரு தளத்தில் ஏற்றி, மார்பகப் புற்றுநோய் மரபணுவில் பழுது என்று விடை வந்து ஆடிப்போனார். மருத்துவ ஆய்வகத்தில் பார்த்தால் அப்படி ஒன்றுமே இல்லை. இது அபூர்வமான சம்பவம் இல்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி மூலத் தரவோடு வந்த 49 பேரின் மாதிரிகளை மருத்துவ ஆய்வகம் மறுபடி பார்த்தபோது 40% மாற்றங்கள் தவறாகப் பதிவானவை.

தரவு விஷயத்தில் கிட்டுக்கு மதிப்பெண் தர முடியாது. "ஆய்வுக்குப் பகிரலாம்" என்ற பெட்டியில் அவர்களே முன்கூட்டி டிக் போட்டிருந்தார்கள். கணக்கை அழிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது. இந்தத் துறையில் பெரிய பெயரான ட்வென்டிதிரீ அண்ட் மீ-யில் 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. அதிலும் பாதி உங்கள் பிள்ளையினுடையது.

என் மகளுக்கு 9 வயது. பழுதான பிரதி அவளுக்குப் போயிருக்க ஐம்பதுக்கு ஐம்பது. மறுபடி எல்லா மரபணுவையும் படிக்க வேண்டியதில்லை, குடும்பத்துப் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டதால் அந்த ஒரே எழுத்தைப் பார்த்தால் போதும். அவளிடம் ஆலோசகர் நேராகப் பேசினார். "உங்க அம்மா உடம்புல ஒரு புத்தகம் இருக்கு, அதுல ஒரு எழுத்துப் பிழை. உனக்கும் அந்தப் பிழை வந்திருக்கான்னு பார்க்கலாமா?" "வந்திருந்தா அழிச்சு எழுதலாமா?" என்று கேட்டாள். "அழிக்க முடியாதும்மா. ஆனா பிழை இருக்குன்னு தெரிஞ்சா பார்த்துப் படிக்கலாம்." அவளுக்கும் வந்திருக்கிறது. எல்டிஎல் 187. எட்டு முதல் பத்து வயதுக்குள் ஸ்டாட்டின் தொடங்கலாம் என்பது இந்த நோய்க்கான நடைமுறை. அடுத்த மாதம் முடிவு செய்கிறோம். அப்பாவுக்கு 44 வயதில்கூடக் கிடைக்காத விஷயம் அவளுக்கு 9 வயதில் கையில் இருக்கிறது.

கிட்டுக்கு ஐந்தில் இரண்டு. ஆர்வத்துக்காக வாங்குங்கள், மருந்துப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுங்கள், நோய்ப் பக்கத்தில் பச்சை நிறத்தை நம்பி எதையும் நிறுத்தாதீர்கள். மருத்துவ சேவைக்கு ஐந்தில் நான்கு. குறைத்த அந்த ஒன்று லேபிளுக்கும் நான்கு ராத்திரிக்கும். எங்கே சோதித்தாலும் பணம் கட்டும் முன் கேளுங்கள்: மரபணுவை முழுதாகப் படிக்கிறீர்களா, குறிப்பிட்ட இடங்களை மட்டுமா? மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் உங்கள் சோதனை பிடிக்குமா? எல்டிஎல்ஆர் பழுதுகளில் சுமார் பத்தில் ஒன்று அந்த வகை. முடிவை எனக்கு நேரில் விளக்கப்போகிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கு ஆள் இல்லாத இடத்தில் நான் இனி எச்சில்கூடக் கொடுக்க மாட்டேன்.

அந்தப் பென்சில் தாளின் நகல் என் கைப்பையில் இருக்கிறது. ஆறு கேள்விக்குறியில் நான்கை அழித்தாகிவிட்டது. அத்தைக்குப் பழுது உண்டு, அவர் மகளுக்கு இல்லை. மிச்சம் இருப்பதில் ஒன்று பெரியப்பா மகள், வெளியூரில் இருக்கிறார், போனில் பேசியிருக்கிறேன். இன்னொன்று அத்தை மகன், வயது 43. "எனக்கு ஒண்ணும் இல்ல, விடு" என்கிறான். அப்பாவின் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, கண்ணை மட்டும் வெட்டி அவனுக்கு நேற்று அனுப்பினேன். வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். அத்தையே அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.